மச்சில் குடிவந்த மரநாய்: விரட்டலாமா, பொறுத்திருக்கலாமா?

நாஞ்சில் ஓட்டுவீடு

அனைவருக்கும் வணக்கம். நாஞ்சில் நாட்டில், ஒருபுறம் வயலும் மறுபுறம் தென்னந்தோப்புமாக இருக்கும் ஓர் ஊரில், என் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டில் நானும் என் தாயாரும் வசித்து வருகிறோம். மூன்று வாரங்களாக எங்கள் மச்சில் ஏதோ ஒன்று குடியிருக்கிறது. விளக்கேற்றிய சற்று நேரத்தில் மச்சுப் பலகையில் மெத்தென்ற காலடி கேட்கும்; பிறகு உத்தரத்தின் மேல் ஓடும் ஓசை கேட்கும்; அதன்பின் ஓடு ஒன்று அசைந்து, கூரைமேல் சாய்ந்திருக்கும் மாமரக் கிளை சலசலக்கும். விடியற்காலை நான்கு மணி வாக்கில் இதே ஓசைகள் தலைகீழ் வரிசையில் திரும்பி வரும். எலி இவ்வளவு கனமாக நடப்பதில்லை. ஊர்ப்பூனை இப்படி நேரம் தவறாமல் வருவதில்லை.

சில இரவுகளில் மச்சிலிருந்து சீரகச் சம்பா வேகும்போது எழுவது போன்ற ஒரு மணம் இறங்கி வருகிறது. என் தாயார் அதைத் தாழம்பூ மணம் என்கிறார். நல்ல பாம்பு வீட்டுக்குள் வந்தால்தான் அப்படி மணக்கும் என்று சொல்லி, இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. முந்தாநாள் இரவு டார்ச் விளக்கோடு முற்றத்தில் காத்திருந்தேன். ஓட்டு விளிம்பில் இரண்டு கண்கள் கனல் போல மின்னின. சாம்பல் கலந்த உடல், முதுகு நெடுகக் கருங்கோடுகள், கரி பூசியது போன்ற முகம், கண்ணுக்குக் கீழே வெண்திட்டு, உடலின் நீளத்துக்கு ஏறத்தாழ ஒத்த வால். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் மாமரத்துக்குத் தாவியது. மறுநாள் காலையில் கிணற்றுக் கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு சாணக் குவியலைக் கண்டேன். அதில் பாதிக்கு மேல் சப்போட்டா விதைகளும் நாவற்கொட்டைகளுமே, கழுவி வைத்தவை போல முழுமையாக இருந்தன.

நேற்று முதல் மச்சின் மூலையிலிருந்து கீச்சுக் குரலும் கேட்கிறது. உறவினர் ஒருவர் வாழைப்பழத்துக்குள் மருந்து வைத்துவிடச் சொல்கிறார். மற்றொருவர் கூண்டு தருவதாகச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இது எந்த விலங்கு, இதன் பழக்கம் என்ன, நான் என்ன செய்யலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

களக்காட்டு நடையன்

வணக்கம் நண்பரே. நீங்கள் பார்த்தது மரநாய். உங்கள் பக்கத்து முதியவர்கள் மலையாள வழக்கை ஒட்டி மரப்பட்டி என்றும் சொல்வார்கள். பெயரில் நாய் இருந்தாலும் நாய்க் குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. முகத்தைப் பார்த்துப் பூனை என்று சொன்னாலும் தவறுதான். புனுகுப்பூனைகளை உள்ளடக்கிய தனிக் குடும்பம் இதனுடையது. பூனை, கீரி, கழுதைப்புலி ஆகியவை இருக்கும் பெருங்கிளையில் அந்தக் குடும்பமும் சேரும். 1777ஆம் ஆண்டில் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் இதற்கு அறிவியற்பெயர் வைத்தபோது, ஆண், பெண் இரண்டுக்கும் வாலடியில் விதைப்பை போலத் தெரியும் மணச் சுரப்பிகளைக் கண்டு, இருபாலுயிரி என்று பொருள்படும் சொல்லை அதில் சேர்த்துவிட்டார். அது பிழையான எண்ணம். ஆயினும் முதலில் வைத்த பெயரே நிலைக்கும் என்பது விலங்கியல் மரபு என்பதால், இன்றுவரை அந்தப் பெயரையே இவ்விலங்கு சுமந்து வருகிறது.

வளர்ந்த மரநாய் 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். தனித்தே திரியும். அந்தி மயங்கியதும் வெளியேறி, விடியுமுன் பதுங்கிடத்துக்குத் திரும்பிவிடும். நீங்கள் குறித்திருக்கும் நான்கு மணி அதன் வழக்கத்தோடு பொருந்துகிறது. நேபாளத்துச் சித்வன் காட்டில், இருக்குமிடத்தை அலைவரிசையில் காட்டும் வானொலிக் கழுத்துப்பட்டை கட்டிக் கண்காணித்தபோது, நிலவு மிகப் பிரகாசமாக இருந்த இரவுகளில் இவை குறைவாகவே நடமாடின என்று தெரிந்தது. ஆகவே பௌர்ணமியை ஒட்டி ஓசை குறைந்தால், போய்விட்டது என்று எண்ணி ஓட்டை அடைத்துவிடாதீர்கள். காட்டில் மரப்பொந்திலும் கொடிப் பின்னலிலும் பகலைக் கழிக்கும் இவ்விலங்குக்கு, பொந்துள்ள முதுமரங்கள் வெட்டப்பட்ட ஊர்களில் ஓட்டு வீட்டின் மச்சுதான் மிஞ்சிய பொந்து.

கீச்சுக் குரல் பற்றி ஒரு வேண்டுகோள். அது குட்டிகளின் குரலாகவே இருக்க வேண்டும். மருந்தும் கூண்டும் வேண்டவே வேண்டாம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

உடன்குடிப் பனங்காடு

இந்த இழையைப் படித்ததும் என் தகப்பனாரின் நினைவு வந்துவிட்டது. அவர் நாற்பது ஆண்டுகள் பனையேறியவர். பதநீர்க் காலத்தில் விடியுமுன் முதல் பனையில் ஏறும்போது, சில நாள்களில் கலயம் சாய்ந்து கிடக்கும். பாளையின் சீவிய முனையில் நக்கிய ஈரம் இருக்கும். மட்டை இடுக்கில் சுருண்டு படுத்திருந்த மரநாய், அவர் தலை உயர்ந்ததும் எதிர்ப்பக்கமாகத் தலைகீழாக இறங்கி ஓடியதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பிடிப்பே இல்லாத பனந்தூரில் அது எப்படித் தலைகீழாக இறங்குகிறது என்பதுதான் அவருக்குத் தீராத வியப்பு.

வெள்ளைக்காரர்கள் இதற்குக் கள்ளுப்பூனை என்று பெயர் வைத்ததற்கு இந்தப் பழக்கமே காரணம். எங்கள் பகுதியில் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பதநீராக இறக்குவதால் புளிப்பேறாது. ஆனாலும் இனிப்பு இருக்கிறதே, அது போதும். ஆவணி மாதம் பனம்பழம் விழத் தொடங்கினால் தோப்பெங்கும் நார் நாராகச் சப்பிய கொட்டைகளைக் காணலாம். அவற்றில் எவ்வளவு நரியுடையது, எவ்வளவு மரநாயுடையது என்று பல்தடம் பார்த்துச் சொல்லத் தகப்பனாரால் முடியும். எனக்கு அந்தக் கண் வாய்க்கவில்லை.

சாய்ந்த கலயத்துக்காக அவர் ஒருநாளும் பொறி வைத்ததில்லை. ஓர் இரவில் ஒரு கலயம் போனால் நட்டம் தமக்கே என்று தெரிந்தும், பனையில் அதற்கும் பங்கு உண்டு என்பார்.

தென்னையும் கோழியும்

அனைவரும் மன்னிக்க வேண்டும். நான் மறுபக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். பொள்ளாச்சிக்கு அருகில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன், கூடவே நாற்பது நாட்டுக்கோழிகள். சென்ற மார்கழியில் ஒரே இரவில் ஏழு குஞ்சுகளும் ஒரு பெட்டைக் கோழியும் போயின. கூடையின் மூடியை நகர்த்திய இடத்தில் அகன்ற ஐவிரல் தடம் இருந்தது. நான் கண்ணாரக் கண்ட விலங்கும் நீங்கள் சொல்லும் கருமுகத்து விலங்கேதான். இளநீர்க் காய்களைத் துளைத்து வைத்ததும் உண்டு. விதை பரப்புகிறது, பழம் தின்கிறது என்று எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது. கோழி வளர்த்துக் குடும்பம் நடத்துகிறவரின் இழப்பையும் இங்கே யாராவது எழுத வேண்டும்.

களக்காட்டு நடையன்

ஐயா, மன்னிப்புக்கு இங்கே இடமில்லை. நீங்கள் எழுதியது உண்மை, அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான்தான் பிழை செய்தவனாவேன். மரநாய் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த விலங்கு. எலி, பல்லி, தவளை, வண்டு, நத்தை, பறவை முட்டை, சிறு பறவை எல்லாம் அதன் உணவில் அடங்கும். மூடாத கூடையில் குஞ்சுகள் கிடைத்தால் அது விட்டுவைக்காது.

ஆனால் அதன் வாயைப் பார்த்தால் பூனையிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது புரியும். வீட்டுப்பூனைக்கு 30 பற்கள். அதன் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போல இறைச்சியை வெட்டவே அமைந்தவை. மரநாய்க்கு 40 பற்கள். அதன் பின்கடைவாய்ப் பற்களோ அகன்று, மழுங்கி, நசுக்குவதற்கு ஏற்றவையாக இருக்கின்றன. அத்தியையும் நாவலையும் நசுக்கிச் சாற்றையும் சதையையும் விழுங்கிவிட்டு, கொட்டையை உடைக்காமல் உள்ளே அனுப்பும் வாய் அது. வேட்டையாடிகளின் வம்சத்தில் பிறந்து, பழம் தேடி மரமேறிய விலங்கு என்று அதைச் சொல்லலாம். அண்மையில் கிடைக்கும் எளிய உணவு எதுவோ, அதை அது எடுத்துக்கொள்ளும். தோப்பில் பழம் இல்லாத காலத்தில் கூடை கண்ணில் பட்டால் அன்றைய எளிய உணவு கோழிக்குஞ்சுதான்.

உங்கள் இழப்புக்குக் கூண்டால் தீர்வு கிடைக்காது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றைப் பிடித்து அகற்றினால், அது உலவிய பகுதி வெற்றிடமாகிறது. அடுத்த மரநாய் அதே கூடையைத் தேடி வரும். கூடையின் மூடிக்குத் தாழ்ப்பாள் போட்டு, இடைவெளி சிறிய இரும்புக் கம்பி வலையைச் சுற்றி, அந்தியில் கோழிகளை அடைத்துவிட்டால் அந்தப் பகுதியில் எத்தனை மரநாய் இருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை. தூங்கும் கோழியைத் தேடி வரும் காட்டுப்பூனைக்கும் அதே அடைப்பு போதும்.

பனந்தூரில் தலைகீழாக இறங்குவதை உடன்குடி நண்பர் கேட்டிருந்தார். முன்னும் பின்னும் ஐந்தைந்து விரல்கள். பாதி உள்ளிழுக்கக்கூடிய கூரிய நகங்கள். மயிரில்லாத, சொரசொரப்பான உள்ளங்கால். கால் விரல்களில் நடுவிரண்டும் ஓரளவு ஒட்டியிருப்பதால் பிடி இறுகுகிறது. வால் பற்றிக்கொள்ளாது, சமநிலைக்கு மட்டுமே உதவும்.

மாத்தளைக் கோப்பித்தோட்டம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நாஞ்சில் நண்பரின் தாயார் சொன்ன தாழம்பூ மணத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். எங்கள் அம்மம்மாவின் வீட்டிலும் முகட்டில் மரநாய் இருந்தது. அது வரும் இரவுகளில் யாரோ அடுப்பில் இறம்பை இலை போட்டுக் கறி தாளிக்கிறார்கள் என்றே நாங்கள் நினைப்போம். இறம்பையும் தாழையும் ஒரே பேரினத்துச் செடிகள் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். ஆகையால் தாயாரின் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. பாம்பு என்ற முடிவு மட்டுமே பிழை. இதைச் சொல்லி அவரின் அச்சத்தைப் போக்குங்கள்.

அந்த மணம் வாலடிச் சுரப்பியிலிருந்து வருவது. கிளையிலும் கூரை விளிம்பிலும் பின்புறத்தை இழுத்துத் தேய்த்து, இது நான் நடக்கும் வழி என்று மற்ற மரநாய்களுக்குச் சொல்லிவைக்கும். அச்சுறுத்தப்பட்டால் இதே சுரப்பியிலிருந்து மூக்கைத் துளைக்கும் நாற்றத்தையும் அது வெளிவிடும் என்பதால், குச்சி கொண்டு குத்துவோர் முதலில் வருந்துவார்கள்.

எங்கள் தீவில் சாதாரண மரநாயோடு, வேறெங்கும் இல்லாத பொன்னிற மரநாயும் வாழ்கிறது. முகத்தில் கருமுகமூடி கிடையாது. உடல் முழுவதும் பொன்னும் செம்பும் கலந்த நிறம். கழுத்தின் பின்புற மயிர் தலையை நோக்கி முன்னால் வளர்ந்திருக்கும். 2009இல் சிலர் அதை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். பின்னர் நடந்த மரபணு ஆய்வு அதை ஒரே இனமாகக் கொள்ளவே இடம் தந்தது. காட்டோரத்து வளவுகளில் இரண்டு இனங்களும் ஒரே மரத்துக்குப் பழம் தின்ன வருவதை இரவு நடையில் பார்த்திருக்கிறேன். முதலில் வந்தது தின்று முடித்து இறங்கும்வரை மற்றது பக்கத்து மரத்தில் அசையாமல் காத்திருந்தது.

அடையாறு அன்னம்

எனக்கு மூன்று ஐயங்கள். கோவில்களில் சாத்தும் புனுகு இதிலிருந்து வருவதா? 2003இல் சீனாவில் பரவிய சார்ஸ் நோய்க்கு இதுதான் காரணம் என்று அப்போது செய்தித்தாளில் படித்தேனே, மச்சில் இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லையா? இதன் சாணத்திலிருந்து விலையுயர்ந்த காப்பிக்கொட்டை எடுப்பதாகச் சொல்கிறார்களே, அதுவும் இதே விலங்குதானா?

கால்நடை மருத்துவன்

அம்மா, மூன்றுக்கும் சொல்கிறேன்.

புனுகு தருவது இதன் உறவினமான புனுகுப்பூனை. அது தரையில் வாழ்வது. புதரிலும் புல்வெளியிலும் வளையிலும் தங்கும். உடலில் வரிசை வரிசையாகப் புள்ளிகளும், வாலில் கறுப்பு வெள்ளை வளையங்களும் இருக்கும். வாலில் வளையம் இருந்தால் புனுகுப்பூனை, முகத்தில் முகமூடி இருந்தால் மரநாய் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிடேகத்துக்குப் பின் மூலவர் திருமேனிக்குச் சாத்தப்படுவது அந்தப் புனுகுதான். சந்தனக் கட்டையில் அது உரசிவிட்டுச் செல்லும் பசையை வழித்தெடுப்பார்கள்.

சார்ஸ் பற்றிய செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. குவாங்டாங் மாநிலத்துச் சந்தைகளில் கூண்டுகளில் அடுக்கி விற்கப்பட்ட முகமூடி மரநாய்களில் அந்தத் தீநுண்மி (வைரஸ்) கண்டறியப்பட்டது. அது வேறு இனம். நம் நாட்டில் இமயமலைப் பகுதியிலும் அந்தமானிலும் வாழ்கிறது. 2004 சனவரியில் அங்கே ஏறத்தாழ 10,000 விலங்குகளைக் கொன்றார்கள். பின்னர் 2005இல் வெளியான ஆய்வுகள், இத்தகைய தீநுண்மிகளின் இயற்கை இருப்பிடம் குதிரைலாட வௌவால்கள் என்று காட்டின. மரநாய் சந்தை நெரிசலில் நோயைப் பெற்று இடையில் கடத்திய விலங்கு. பல காடுகளின் விலங்குகளைப் பிடித்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மனிதர்களின் செயலுக்கு, அடைபட்டிருந்த விலங்கு உயிர்விலை கொடுத்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

மச்சில் இருக்கும் மரநாயால் அந்த நோய் வராது. ஆனால் கவனிக்க வேண்டியவை உள்ளன. எந்தப் பாலூட்டியையும் போல மரநாய்க்கும் வெறிநோய் வரலாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்லுங்கள். சாணத்தில் குடற்புழுக்களின் முட்டைகள் இருக்கக்கூடும். உலர்ந்ததைப் பெருக்காமல், நீர் தெளித்து நனைத்து, கையுறை அணிந்து அள்ளுங்கள். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வழக்கமான தடுப்பூசிகளைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவற்றின் சில நோய்கள் மரநாயையும் தாக்கும் என்பதால் இது இருபுறமும் பாதுகாப்பு.

காப்பிக்கொட்டை இதே விலங்கிலிருந்து வருவதுதான். இந்தோனேசியாவில் தோன்றிய வழக்கம் அது. அங்கே லுவாக் என்பது மரநாயின் பெயர். காட்டில் அது நன்கு கனிந்த பழத்தை மட்டும் முகர்ந்து தேர்ந்தெடுத்துத் தின்று, தோட்டத்தில் விட்டுச் சென்ற கொட்டைகளைப் பொறுக்கி எடுத்த காலம் ஒன்று இருந்தது. விலை ஏறியதும் விலங்கையே பிடித்துக் கம்பித் தரையுள்ள கூண்டில் அடைத்து, நாளெல்லாம் காப்பிப்பழத்தையே திணிக்கத் தொடங்கினார்கள். இரவில் தனியே நெடுந்தொலைவு நடந்து நூறு வகை உணவு தேடும் விலங்கு, அந்தக் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து தன் வாலையே கடித்துக்கொள்வதை ஒருமுறை பார்த்தால் அந்தக் காப்பியை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். குடகிலும் இப்போது இது விற்பனைக்கு வருகிறது. காட்டில் பொறுக்கியது என்று உறையில் எழுதியிருந்தாலும், வாங்குபவரால் அதைச் சரிபார்க்க இயலாது என்பதால் வாங்காமல் இருப்பதே நேர்மை என்பது என் கருத்து.

வால்பாறை மழைக்காலம்

மருத்துவர் காப்பியைப் பற்றிச் சொன்னதால் எங்கள் மலையிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கும் சோலைகளில் பழுப்பு மரநாய் வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. புள்ளியோ கோடோ இல்லாத பழுப்பு உடல். சிலவற்றுக்கு வால் நுனி வெளுத்திருக்கும். மாத்தளை நண்பர் சொன்ன பொன்னிற மரநாயைப் போலவே இதற்கும் கழுத்து மயிர் முன்னோக்கி வளரும். 1885இல் பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளர் இதை விவரித்து, ஜெர்டன் என்ற மற்றோர் இயற்கையியலாளரின் பெயரைச் சூட்டினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதன் வாழ்க்கை ஏறத்தாழ அறியப்படாமலேயே இருந்தது. 1990களில் களக்காடு முண்டந்துறையில் ஆய்வாளர் திவ்யா முத்தப்பா வானொலிக் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்த பிறகே, அது எங்கே உறங்குகிறது, என்ன தின்கிறது என்பது தெரிந்தது. மரப்பொந்து, கொடிப் பின்னல் ஆகியவற்றோடு மலையணில் கட்டிக் கைவிட்ட கூட்டிலும் அது பகலில் படுத்திருந்தது. சாணத்தைப் பிரித்துப் பார்த்தபோது 50க்கும் மேற்பட்ட மரங்கள், கொடிகளின் பழங்கள் அதன் உணவில் இருந்தன.

நான் ஆய்வாளன் அல்லேன். நாற்றங்காலில் வேலை செய்கிறவன். விதை பொறுக்க விடியலில் சோலைக்குள் நடக்கும்போது, பாதையின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் மரநாய்ச் சாணத்தைத் தேடுவது எங்கள் வழக்கம். மனிதர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வைத்தது போல, பாறை, சாய்ந்த மரம், மதில் என்று திறந்த உயரமான இடத்தில்தான் அது விட்டுச் செல்லும். ஒருமுறை மழை ஓய்ந்த காலையில் ஒரே குவியலில் உருத்திராட்சக் குடும்பத்து விதைகள் பதினொன்றை எண்ணினேன். சதையெல்லாம் நீங்கி, சுருக்கம் சுருக்கமான கொட்டையின் பள்ளங்களில் மட்டும் பச்சைப் பிசிர் ஒட்டியிருந்தது. நாங்கள் கையால் சதை நீக்கி, மணலில் தேய்த்துக் கழுவும் வேலையை அது ஓரிரவில் முடித்திருந்தது. பெரிய கொட்டையுள்ள பழங்களைச் சிறு பறவைகளால் விழுங்க முடியாது. இருவாட்சிப் பறவை இல்லாமற்போன சோலையில் அத்தகைய மரங்களின் விதை தாய்மரத்தடியைவிட்டு நகர, மரநாயை விட்டால் மிகச் சில உயிர்களே இருக்கின்றன.

இதில் எங்களுக்கு ஒரு தலைவலியும் உண்டு. தோட்டத்துக் காப்பிப்பழத்தையும் அது அதே ஆர்வத்தோடு தின்று, சோலைக்குள் கொண்டு போய் விதைக்கிறது. காப்பிச் செடி நிழலில் செழித்து, சோலை மரங்களின் கன்றுகளை நெருக்குகிறது. ஆண்டுதோறும் நாங்கள் அதைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. மரநாய்க்கு எது நாட்டு மரம், எது வந்தேறி என்று யார் சொல்வது? நட்டவர்கள் நாம்தானே.

களக்காட்டு நடையன்

நாஞ்சில் நண்பருக்கு, சொன்னபடி விரிவாக எழுதுகிறேன். ஏறத்தாழ இரண்டு மாதக் கருக்காலத்துக்குப் பின் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் பிறக்கும். பிறக்கும்போது கண் மூடியிருக்கும். பதினொரு நாள் அளவில் திறக்கும். அதன்பின் சில வாரங்களுக்குத் தாயின் பாலே கதி. தந்தை வளர்ப்பில் பங்கெடுப்பதாகத் தெரியவில்லை. குட்டிகள் மச்சைவிட்டுத் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கும்வரை, உங்களிடம் நான் கேட்பது பொறுமை ஒன்றைத்தான். பகலில் ஓட்டை அடைத்தால் தாயும் குட்டியும் உள்ளே சிக்கும்; இரவில் தாய் போனபின் அடைத்தால் குட்டிகள் பட்டினியில் சாகும், தாயோ ஓடுகளையெல்லாம் பெயர்த்துப் போடும்.

குட்டி ஒன்று கீழே விழுந்துவிட்டால், பால் கொடுக்க முயலாமல், பழந்துணி விரித்த கூடையில் வைத்து, விழுந்த இடத்துக்கு நேர்மேலே நாயும் பூனையும் எட்டாத உயரத்தில் அந்தியில் கட்டிவிடுங்கள். பெரும்பாலும் தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிச் செல்லும். விடிந்தும் கூடையிலேயே இருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அழகாக இருக்கிறதே என்று வளர்க்கத் தொடங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓராண்டில் அது வளர்ந்து, இரவெல்லாம் வீட்டைப் புரட்டி, கடைசியில் காட்டில் இரை தேடவும் தெரியாமல் கைவிடப்படும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் மருந்து வைப்பதும் குற்றம் என்பதை உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள்.

ஓசை நின்றுவிட்டது என்று தோன்றும்போது, அது வரும் ஓட்டு இடுக்கின் உட்புறத்தில் அரிசி மாவைப் பரவலாகத் தூவுங்கள். தொடர்ந்து மூன்று இரவுகள் தடம் விழவில்லையானால், நான்காம் இரவில் அடைக்கலாம். பூனைத் தடத்தில் நான்கு விரல் தெரியும், இதில் ஐந்து. கூரைமேல் சாயும் கிளையை ஒரு பாகத்துக்கு (இரு கைகளை விரித்த நீளத்துக்கு) நறுக்கிவிடுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம்.

நாஞ்சில் ஓட்டுவீடு

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

இறம்பை இலைச் செய்தியை வாசித்துக் காட்டியதும் என் தாயார் அந்த அறைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் அந்தி நேரத்தில் காலடி கேட்டால், போகிறாள் பார் என்று அவரே சொல்லத் தொடங்கினார். கீச்சுக் குரல் இரண்டு வாரத்தில் சண்டைக் குரலாக மாறியது. மச்சுப் பலகையில் சிறு கால்கள் உருண்டு புரண்டு ஓடும் ஓசையில் தூக்கம் கெட்டது உண்மைதான்.

சென்ற மாதக் கடைசியில், மழை தூறி ஓய்ந்த ஓர் இரவில், ஏழு மணிக்கு அவை வெளியேறுவதைப் பார்த்தேன். தாய் முதலில் ஓட்டு விளிம்பில் வந்து நின்று, முகத்தைத் தூக்கி நெடுநேரம் காற்றை முகர்ந்தது. மாங்கிளைக்குத் தாவியதும் திரும்பி நின்றது. முதல் குட்டி தயங்காமல் தாவியது. இரண்டாவது, வாலைப் பக்கவாட்டில் நீட்டிச் சமன்செய்து, பிடி நழுவி, கிளையின் அடிப்புறத்தில் தொங்கி, பின் மேலேறியது. மூன்றாவது தாவவே இல்லை. விளிம்பில் முன்னும் பின்னும் நடந்து கீச்சிட்டது. தாய் திரும்பி வந்து, அதன் பிடரியைக் கவ்வியெடுத்துச் சென்றது. நான்கும் மாமரத்திலிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து அடுத்த வளாகத்து அயினி மரத்துக்கும் போய் மறைந்தன. அடுத்த எட்டு இரவுகள் அவை திரும்பி வந்தன, அதன்பின் வரவில்லை. மாவில் மூன்று இரவுகள் தடம் விழாததைப் பார்த்து நேற்று இரவு ஓட்டைச் சரிசெய்தேன். மச்சைத் துப்புரவு செய்தபோது இரண்டு வாளி விதைகள் கிடைத்தன. எலி வளை ஒன்றும் காலியாக இருந்தது.

கோழி வளர்க்கும் பொள்ளாச்சி ஐயா, உங்கள் பதிவைப் படித்தபின் நானும் கூட்டுக்கு வலை அடித்தேன். இந்த ஏழு வாரத்தில் எங்கள் ஆறு கோழிகளில் ஒன்றும் குறையவில்லை.

தென்னையும் கோழியும்

நல்ல செய்தி. நானும் கம்பி வலையும் தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன். தடம் இன்னும் தோப்பில் விழுகிறது. கூடை வரை வந்து திரும்பிப் போவதும் தெரிகிறது. வலைக்கான செலவு, போன கோழிகளின் விலையைவிட அதிகம் என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன். ஆனாலும் ஒருமுறைச் செலவு.

நாஞ்சில் ஓட்டுவீடு

இன்று காலையில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் சித்தி, நேற்று இரவு முதல் தங்கள் மச்சில் யாரோ நடக்கிறார்கள் என்றும், மணமாக இருக்கிறது என்றும், சித்தப்பா கூண்டு வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மாவுப் பொட்டலத்தோடு அங்கேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.